கையொப்பமிட்ட இசைத்தட்டு உறை: மாட்டி ரசிக்கவும் மங்காமல் காக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கையொப்பம் இல்லாத இசைத்தட்டு உறையைக் காப்பது அவ்வளவு கடினமில்லை. ஈரமில்லாத இடம், நிமிர்த்தி வைக்க ஓர் அலமாரி, மேலே ஒரு நல்ல நெகிழி உறை. பெரும்பாலும் இவையே போதும். அதே உறையின்மேல் பாடகரோ இசையமைப்பாளரோ ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. அச்சுக்கூடத்தில் இருந்து வந்த அட்டை ஒரு பொருள். யாரோ நீட்டிய பேனாவில் இருந்து அதன்மேல் இறங்கிய மை இன்னொரு பொருள். இரண்டுக்கும் ஆயுள் வேறு, பகைவர்களும் வேறு. அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த அட்டையின்மேல் இருக்கும் கறுப்பு மார்க்கர் கையொப்பம், வெயில் எட்டிப்பார்க்கும் சுவரில் சில ஆண்டுகளிலேயே பழுப்பாகவோ சாயம்போன ஊதாவாகவோ வெளிறிவிடுவதுண்டு.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே பிடிவாதம்தான்: உறைக்கு எது நல்லது என்று கேட்கும் முன் அந்த மைக்கு எது நல்லது என்று கேட்க வேண்டும். இரண்டும் மோதும் இடத்தில் மையின் பக்கம் நிற்க வேண்டும். அதே உறைக்கு வேறொரு பிரதி எங்காவது கிடைக்கும். அந்தக் கையொப்பத்துக்குக் கிடைக்காது.

1. எந்த மை, எந்தப் பரப்பு என்று கண்டுபிடியுங்கள்

உறையை மேசையில் வைத்து, ஒரு சிறு விளக்கைப் பக்கவாட்டில் இருந்து தாழ்வாகக் காட்டுங்கள். கோடு அட்டைக்குள் ஊறியிருக்கிறதா, மேலே படலமாக நிற்கிறதா, அழுத்தத்தால் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் புலப்படும். பத்து மடங்கு காட்டும் உருப்பெருக்கி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஷார்பி போன்ற மார்க்கர்களின் மை, ஆல்கஹால் வகைக் கரைப்பானில் கரைத்த சாயம். தண்ணீர் பட்டால் அசையாது; வெளிச்சம் பட்டால் மெல்ல வெளிறும்; சானிட்டைசர் ஈரம் காயாத விரல் பட்டால் அந்த நொடியே கலைந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் ஸ்கெட்ச் பேனாக்கள் நீரில் கரையும் சாயம் கொண்டவை. வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் ஒருசேரத் தோற்பவை. ஊற்றுப் பேனா மையும் பெரும்பாலும் இதே இனம். பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது. நிறம் வெளிறினாலும் பேனா முனை பதித்த பள்ளம் மிஞ்சும். அந்தப் பள்ளமே பிற்காலத்தில் கையொப்பம் உண்மையானது என்பதற்கு ஒரு சான்றாகலாம்.

வெள்ளி, தங்க நிறங்களில் வரும் பெயின்ட் மார்க்கர் தனி வகை. அதில் சாயம் இல்லை, நுண்ணிய தூள் இருக்கிறது. வெள்ளி நிறத்துக்குப் பெரும்பாலும் அலுமினியத் தூளும் தங்க நிறத்துக்குப் பித்தளை போன்ற செம்புக் கலவைத் தூளும் சேர்ப்பார்கள். வெளிச்சத்தை இவை நன்றாகவே தாங்கும். ஆனால் தங்க நிறம் காலப்போக்கில் கருக்கலாம், பச்சை பூக்கலாம். வழவழப்பான உறையின்மேல் இருந்தால் பொருக்காகப் பெயர்ந்தும் வரலாம். பென்சிலால் போட்ட கையொப்பம் அரிது. கிராஃபைட் வெளிச்சத்துக்கு அசைந்து கொடுப்பதே இல்லை. உரசினால் மட்டும் கலையும்.

அடுத்து பரப்பு. பளபளப்பான பிளாஸ்டிக் படலம் ஒட்டிய உறைகளில் (1960களின் பிரிட்டிஷ் உறைகளில் முன்பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்) மை உள்ளே இறங்க வழியில்லை. அது படலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓர் அழுத்தமான துடைப்பில் போய்விடும். படலமோ வார்னிஷோ இல்லாத சொரசொரப்பான அட்டையில் மை இழைகளுக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஓரங்களில் கசியும். மிகச் சங்கடமான நிலை, தொழிற்சாலையில் சுற்றிய மெல்லிய சுருக்கப் படலத்தின்மேல் வாங்கிய கையொப்பம். அந்தப் படலம் நாளாக ஆக இறுகி அட்டையை வளைக்கும். அதற்காக உரித்தால் கையொப்பமும் கூடவே போய்விடும். உறை திறக்கும் பக்கத்தில் மட்டும் கூரிய பிளேடால் கீறி, தட்டை வெளியே எடுத்துவிட்டு, படலத்தை அப்படியே விட்டுவிடுவதே வழி.

மையும் பரப்பும் எவை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு முடிவும் இந்தக் குறிப்பைப் பார்த்தே எடுக்கப்படும்.

2. இனிமேல்தான் கையொப்பம் வாங்கப்போகிறீர்கள் என்றால்

பாதி பாதுகாப்பு இங்கேயே முடிந்துவிடும். போகும் முன் தட்டை உறையில் இருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே தட்டு இருக்கும்போது மேலே அழுத்தி எழுதினால் தட்டின் விளிம்பு அட்டையில் வட்டமாகப் பதியும். கோடும் அந்த மேட்டில் தடுமாறும். தட்டுக்குப் பதிலாக அதே அளவில் வெட்டிய ஒரு தட்டையான அட்டையை உள்ளே செருகினால், எழுதுபவருக்கு உறுதியான தளம் கிடைக்கும்.

எங்கே கையொப்பமிட வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். வெளிர் வானம், வெற்றுச் சுவர், ஒற்றை நிறப் பின்னணி போன்ற இடங்கள் நல்லவை. முகத்தின்மேலும் தலைப்பின்மேலும் விழுந்த கையொப்பம் அருகில் போனால்தான் தெரியும். உறையின் ஓரத்தில் இருந்து இரண்டு விரல்கடை தள்ளி வாங்குங்கள். பிறகு சட்டம் போடும்போது ஓர அட்டை அதை மறைக்காது. இதைச் சொன்னால் பெரும்பாலான கலைஞர்கள் கோபித்துக்கொள்வதில்லை. நீங்களே உறையை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தால் சொல்லவே தேவையிருக்காது.

பேனா விஷயத்தில், அடர்ந்த நிற உறைக்குப் பெயின்ட் மார்க்கர்தான் பொருந்தும். அதை முன்கூட்டியே குலுக்கி, ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி ஓட்டத்தைச் சரிபார்த்த பிறகே நீட்டுங்கள். புதுப் பேனாவின் முதல் சொட்டு உறையின்மேல் விழக் கூடாது. வெளிர் உறைக்கு, நிறமித் துகள் கொண்ட மை என்று குறிப்பிட்டிருக்கும் கறுப்புப் பேனா, சாய மார்க்கரைவிடப் பல மடங்கு நீடிக்கும். ஆனால் வழவழப்பான படலத்தின்மேல் அது பிடிக்காமல் போகலாம். அதே வகை உறையின் பழைய பிரதி ஒன்றில் எழுதிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையொப்பம் கிடைத்ததும் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மேல்நோக்கிப் படுக்கவைத்து உலர விடுங்கள். பெயின்ட் மார்க்கர் சில நிமிடங்களில் உலர்ந்ததுபோல் தோன்றும். முழுதும் இறுக ஒரு நாளாவது கொடுங்கள். அதுவரை எந்த நெகிழியும் அதன்மேல் படக் கூடாது. கூட்ட நெரிசலில் எடுத்து வருவதற்கு, மூடி மேலே படாத ஆழமான ஒரு தட்டைப் பெட்டி உதவும்.

3. தட்டையும் உறையையும் பிரித்து வையுங்கள்

ஒரு எல்.பி. தட்டின் (நீண்ட நேரம் ஓடும் பெரிய இசைத்தட்டு) எடை பொதுவாக 120 முதல் 180 கிராம். அது உறைக்குள் இருந்துகொண்டே பக்கத்து உறைகளோடு நெருக்குப்படும்போது, தட்டின் விளிம்பு இருக்கும் இடத்தில் அட்டையின் அச்சு தேய்ந்து வெள்ளை வட்டம் விழுகிறது. பழைய உறைகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த வட்டம் கையொப்பத்தின் குறுக்கே போனால் சரிசெய்ய எந்த வழியும் இல்லை. தட்டை ஒரு காகித உள்ளுறையில் இட்டு, வெற்று வெள்ளை அட்டை உறை ஒன்றில் தனியே வையுங்கள். இரண்டும் ஒரே ஜோடி என்பது மறக்காமல் இருக்க, வெள்ளை உறையின்மேல் பென்சிலால் தலைப்பும் வெளியீட்டு எண்ணும் எழுதினால் போதும்.

சட்டத்துக்குள் தட்டோடு சேர்த்து மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். தட்டின் எடை உறையின் அடித்தையலை நாள்தோறும் இழுக்கும். வெப்பமான சுவரில் தட்டும் நெளியும்.

4. படம் எடுத்து, வரலாற்றை எழுதி வையுங்கள்

சட்டம் போடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். மாட்டிய பிறகு யாரும் திரும்ப இறக்குவதில்லை.

எல்.பி. உறையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 31.5 செ.மீ. ஏ4 ஸ்கேனரில் நான்கு துண்டுகளாகத்தான் பிடிக்க முடியும்; ஏ3 ஸ்கேனரின் அகலமும் பெரும்பாலும் 30 செ.மீ. அளவில் நின்றுவிடுவதால் அதிலும் ஒரு கீற்று விடுபடும். கண்ணாடியில் குப்புறக் கவிழ்த்து மூடியால் அழுத்துவது பெயின்ட் மார்க்கருக்கு ஆபத்தும்கூட. கேமராவே நல்லது. உறையைத் தரையில் படுக்கவைத்து, நேர் மேலே கேமராவைப் பொருத்தி, இருபுறமும் 45 பாகை சாய்வில் இரண்டு ஒத்த விளக்குகளை வையுங்கள். பளபளப்பு கண்ணில் அடிக்காது. ஓரத்தில் ஒரு வண்ண ஒப்பீட்டு அட்டையும் படத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே ஏற்பாட்டில் மீண்டும் எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தால், கண் உணராத வெளிறலும் தெரிந்துவிடும். மனிதக் கண் மெதுவான மாற்றத்தைக் கவனிப்பதில் படுமோசம்.

வரலாறு என்றால், யார், எங்கே, எந்த நாளில், யார் முன்னிலையில் கையொப்பமிட்டார் என்ற விவரம். நிகழ்ச்சி டிக்கெட், அங்கே எடுத்த புகைப்படம், விலைக்கு வாங்கியிருந்தால் ரசீது, விற்றவரோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். உறையின் பின்பக்கம் எதுவும் எழுத வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

வாங்கிய உறை என்றால் கொஞ்சம் சந்தேகமும் தேவை. 1960களில் பீட்டில்ஸ் குழுவிடம் வந்து குவிந்த கோரிக்கைகளில் கணிசமானவற்றுக்கு அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். 2022இல் பாப் டிலன், தம் நூலின் கையொப்பப் பதிப்பில் இயந்திரத்தால் இட்ட கையொப்பங்கள் போனதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். உருப்பெருக்கியின் கீழ் கோடு சிறு சிறு வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனில் போய், இரு முனையிலும் பொட்டு வைத்ததுபோல் நின்றால் இயந்திரத்தின் வேலையாக இருக்கலாம். அதே கலைஞரின் இன்னொரு கையொப்பத்தோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்தினாலும் அப்படியே. மனிதக் கை ஒரே கையொப்பத்தை இரண்டு முறை இடுவதில்லை.

5. சுத்தம் செய்வது: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

மென்மையான, அகலமான ஓவியத் தூரிகையால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தூசியைத் தட்டுங்கள். கையொப்பத்தில் இருந்து இரண்டு செ.மீ. தள்ளியே நில்லுங்கள். பெயின்ட் மார்க்கரும் பென்சிலும் இருக்கும் இடத்தில் தூரிகையும் கூடாது. தண்ணீர், ஆல்கஹால், பழைய விலைச் சீட்டை எடுக்கப் பயன்படும் கரைப்பான்கள் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள்; சீட்டை இளக்கும் அதே கரைப்பான் மார்க்கரையும் இளக்கும். சீட்டு அப்படியே இருக்கட்டும், அதுவும் உறையின் வரலாறுதான்.

கையொப்பத்தின்மேல் வார்னிஷ் தெளிப்பது, ஹேர் ஸ்பிரே அடிப்பது, உறையையே லேமினேட் செய்வது ஆகிய மூன்றும் அடிக்கடி பரிந்துரைக்கப்படுகின்றன. மூன்றும் சேதம்தான். தெளிப்பானின் கரைப்பான் மையைக் கரைக்கும்; லேமினேஷனில் வெப்பமும் பசையும் சேர்ந்து திரும்பி வர முடியாத இடத்துக்குக் கொண்டுபோய்விடும். பிற்காலத்தில் கழற்ற முடியாத எதையும் உறையின்மேல் செய்யக் கூடாது.

6. சரியான நெகிழி உறை

மென்மையாக, கனமாக, புதிதாகத் திறந்ததும் ஒரு நெடி அடிக்கும் நெகிழி உறைகள் பிவிசி வகை. இசைத்தட்டும் பிவிசி குடும்பம்தான், ஆனால் அது விறைப்பானது. உறையாக வரும் பிவிசியை வளைய வைக்க நெகிழ்வூட்டி எண்ணெய்களைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் நாளடைவில் வெளியேறி, படலம் ஒட்டிய அட்டையோடு பிசுபிசுத்து ஒட்டும். மார்க்கர் மையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பழைய தொகுப்பு ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலையாக இந்த உறைகளைக் கழற்றுங்கள். ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள், நிபுணரிடம் காட்டுங்கள்.

பாதுகாப்பானவை மூன்று: பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலியெஸ்டர். பாலிஎத்திலீன் மென்மையானது, சற்று மங்கல். பாலிபுரொப்பிலீன் கண்ணாடிபோல் தெளிவு, கையாளும்போது சரசரக்கும். மைலார் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த பாலியெஸ்டர் இரண்டையும்விட உறுதி. ஆனால் அதில் நிலைமின்சாரம் அதிகம். பொருக்குத் தட்டும் பெயின்ட் மார்க்கரையும் பென்சில் தூளையும் அது அப்படியே மேலே இழுத்துவிடும். அந்த இரண்டு வகைக் கையொப்பத்துக்கும் பாலியெஸ்டர் வேண்டாம். எந்த நெகிழியானாலும் கையொப்பத்துக்கும் அதற்கும் இடையே வழவழப்பான, அமிலமற்ற மெல்லிய தாள் ஒன்றை வையுங்கள்.

அளவு முக்கியம். உறையைவிட ஒரு செ.மீ. பெரிதாக இருந்தால் தடையின்றி உள்ளே போகும். இறுக்கமாக இருந்தால் செருகும்போதே உரசும். செருகும் முறையும் உண்டு: நெகிழியின் வாயை விரல்களால் அகல விரித்து, கையொப்பப் பக்கம் உரசாதபடி உறையைச் சற்றுப் பின்புறம் சாய்த்து இறக்குங்கள்.

7. மூலத்தை மாட்டுவதா, நகலை மாட்டுவதா

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல ஒரு சிறு கணக்கு வேண்டும். வெளிச்சம் தரும் சேதம் கூடிக்கொண்டே போகும். இருட்டில் வைத்தால் சேதம் நிற்குமே தவிர, போனது திரும்பி வராது. லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. 500 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் ஏறக்குறைய ஒரே அளவு சேதம். சாயங்கள் வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்பதை நீலக் கம்பளி அளவுகோலால் எட்டுத் தரமாகப் பிரிக்கிறார்கள். ஸ்கெட்ச் பேனா போன்ற சாய மைகள் பெரும்பாலும் அடித்தட்டில், ஒன்று முதல் மூன்றுக்குள் வருகின்றன. ஒன்றாம் தரத்தில் உள்ள சாயம், புற ஊதாக் கதிரே இல்லாத நிலையிலும், சுமார் 3 லட்சம் லக்ஸ்-மணி (லக்ஸ் அளவை மணிக்கணக்கால் பெருக்கியது) வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு வெளிறத் தொடங்கும்.

அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ். நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஓர் ஆண்டுக்கு 1,46,000 லக்ஸ்-மணி. ஆக, அருங்காட்சியக மங்கலிலும் இரண்டு ஆண்டுகளில் முதல் வெளிறல் தெரிந்துவிடும். வீட்டு அறைச் சுவரில் பகலில் 200 லக்ஸ் என்பது சர்வசாதாரணம். அங்கே அரை ஆண்டு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் கணக்குப் போடவே மனம் வராது. இரண்டாம், மூன்றாம் தரச் சாயங்கள் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், உங்கள் உறையில் இருக்கும் மை எந்தத் தரம் என்பது வெளிறிய பிறகுதான் தெரியவரும்.

புற ஊதா வடிகட்டும் கண்ணாடி வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நல்ல வகை வடிகட்டிகள் 97 முதல் 99 சதவீதம் வரை புற ஊதாவைத் தடுப்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளிறச் செய்யும். அதைத் தடுத்தால் உறையைப் பார்க்க முடியாதே. வடிகட்டி வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

எனவே என் பரிந்துரை மைக்கு ஏற்ப மாறும். பென்சில், நிறமி மை, நன்றாகப் பிடித்திருக்கும் பெயின்ட் மார்க்கர் ஆகியவற்றை மூலமாகவே மாட்டலாம். சாய மார்க்கரும் பால்பாயின்டும் என்றால் ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டும் மாட்டி, மீதி நாள் பெட்டியில் வைக்கலாம். ஸ்கெட்ச் பேனா, ஊற்றுப் பேனா என்றால் நான்காம் படியில் எடுத்த படத்தை அதே அளவில் நல்ல அட்டைத் தாளில் அச்சிட்டுச் சட்டமிடுங்கள். மூலம் இருட்டில் இருக்கட்டும். நகல் மாட்டுவது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். காட்சிக்கூடங்களே நுட்பமான ஆவணங்களுக்கு இதைத்தான் செய்கின்றன.

8. சட்டம் போடுதல்

எல்.பி. உறைக்கென்றே ஆயத்தமாக விற்கும் சட்டங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை உறையை நேராகக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்துகின்றன. கையொப்பமில்லாத உறைக்கு அது பரவாயில்லை. கையொப்பம் கண்ணாடியைத் தொட்டால், உட்பக்கம் பனிக்கும் ஈரத்தில் மை அதோடு ஒட்டும். ஒருநாள் திறக்கும்போது கையொப்பத்தின் பாதி கண்ணாடியில் இருக்கும். எனவே அடிப்படை விதி ஒன்றே: கையொப்பத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று இருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, நடுவில் சதுரமாக வெட்டிய மவுன்ட் போர்டு ஓர அட்டை. சாதாரண மவுன்ட் அட்டை 1.4 மி.மீ. தடிமன்தான், எல்.பி. உறை மேடுபள்ளமானது என்பதால் இரட்டைத் தடிமனோ இரண்டு அடுக்கோ கேளுங்கள். இரண்டாவது வழி, சட்டத்தின் உள்விளிம்பில் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டும் இடைவெளிப் பட்டை. அது 3 மி.மீ.க்குக் குறையாமல், பெயின்ட் மார்க்கர் என்றால் 5 மி.மீ. அளவுக்கு இருக்கட்டும். உறையின் நான்கு ஓரமும் முழுதாகத் தெரிய வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இந்த வழிதான் பொருந்தும். எனக்கும் இதுவே பிடிக்கும். உறையின் தேய்ந்த மூலைகள் மறைந்துபோனால் அது வெறும் சுவரொட்டி ஆகிவிடுகிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். முன்னால் கண்ணாடி அல்லது அக்ரிலிக். பின் இடைவெளி. பின் உறை. அதன் பின்னால் பருத்தி இழையில் செய்த அமிலமற்ற அட்டை. கடைசியில் உறுதியான பின்பலகை. மரக்கூழில் செய்த மலிவான பழுப்பு அட்டை உறையைத் தொடக் கூடாது. அதன் அமிலம் உறையின் பின்பக்கத்தை மஞ்சளாக்கும்.

உறையை அட்டையில் நிறுத்தப் பசையோ, இருபக்கம் ஒட்டும் டேப்போ எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பழைய ஆல்பங்களில் புகைப்படத்துக்குப் போடும் மூலைக் கொக்கிகள் பாலியெஸ்டரில் கிடைக்கின்றன. அவற்றில் பெரிய அளவை வாங்கி, கொக்கியின் பசை பின் அட்டையில் மட்டும் ஒட்டும்படி நான்கு மூலையிலும் பொருத்துங்கள். எல்.பி. உறை கனமானது என்பதால் அடிப்பக்கம் முழுதும் தாங்கும்படி அமிலமற்ற அட்டையை மடித்து ஒரு சிறு விளிம்பு அமைத்தால் எடை மூலைகளில் விழாது. சற்றுத் தளர்வு இருக்கட்டும். ஈரக் காலத்தில் அட்டை விரிவதற்கு இடம் வேண்டும்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா என்பது மையைப் பொறுத்தது. அக்ரிலிக் எடை குறைவு, விழுந்தால் உடைந்து உறையைக் கிழிக்காது, புற ஊதா வடிகட்டும் வகை எளிதில் கிடைக்கும். ஆனால் துணியால் துடைத்தவுடன் நிலைமின்சாரம் ஏறும். பொருக்குத் தட்டும் பெயின்ட் மார்க்கருக்கும் பென்சிலுக்கும் கண்ணாடியே மேல். துடைக்கும் திரவத்தைச் சட்டத்தின்மேல் தெளிக்காதீர்கள். துணியில் தெளித்து, அந்தத் துணியால் துடையுங்கள். இல்லையேல் திரவம் விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

புத்தகம்போல் விரியும் இரட்டை உறைகளுக்குத் தனிக் கவனம் தேவை. உட்பக்கத்தில் கையொப்பம் இருந்து, விரித்து மாட்ட விரும்பினால் அகலம் 63 செ.மீ. வரை போகும். பல ஆண்டுகள் மூடியே கிடந்த முதுகைத் தட்டையாக அழுத்தி விரித்தால் அச்சு வெடிக்கும். அது தானாக எந்தக் கோணம் வரை விரிகிறதோ அதற்கேற்ற ஆழமான பெட்டிச் சட்டம் செய்துகொள்ளுங்கள். நடு மடிப்புக்குக் கீழே ஒரு தாங்கலும் வையுங்கள்.

சட்டத்தை மூடிய பின் பின்பக்க விளிம்புகளைக் காகித டேப்பால் சுற்றி ஒட்டினால் தூசியும் இராமபாணப் பூச்சியும் நுழையாது. கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும். இரண்டு ஆணிகளில் மாட்டினால் சட்டம் கோணாது.

9. எந்தச் சுவர்

நேர் வெயில் எந்தப் பருவத்திலும் படாத உட்சுவர். வெளிச்சுவர் ஈரத்தைக் கடத்தும். குளியலறை, சமையலறைச் சுவர்களும் குளிர்சாதனத்தின் காற்று நேராக வீசும் இடமும் வேண்டாம். விளக்கு எல்இடியாக இருக்கட்டும், அதில் புற ஊதா மிகக் குறைவு. ஆனால் படத்துக்கென்றே மேலே பொருத்தும் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டத்தான் செய்யும். அறையில் இல்லாதபோது அணைத்துவிடுங்கள். நடைபாதை அல்லது படிக்கட்டு ஓரம் போல, மனிதர்கள் கடந்துபோகும்போது மட்டும் விளக்கெரியும் இடம் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது.

10. ஓய்வு நாட்களில்

பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள், சாய்வாக அல்ல. நிற்கும் அளவுக்கு நெருக்கமும் ஒன்றை எடுத்தால் பக்கத்து உறை உரசாத அளவுக்கு இடைவெளியும் வேண்டும். பொருக்குத் தட்டும் கையொப்பம் மட்டும் விதிவிலக்கு: அதைத் தனிப் பெட்டியில், மேலே எதுவும் அடுக்காமல், படுக்கவைக்கலாம். காற்றின் ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை வர வாய்ப்பு உண்டு. சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்கு அருகே வைத்துப் பாருங்கள், ஊகிக்காதீர்கள். பரணும் நிலவறையும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பேர்போனவை. படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு இரண்டையும்விட மேல். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவது வேண்டாம், அதன் ஆவி நெகிழிகளை இளக்கும். சுத்தமும் அவ்வப்போது திறந்து பார்ப்பதும் போதும்.

11. நனைந்துவிட்டால், வெளிறிவிட்டால்

தண்ணீர் புகுந்த சட்டத்தை உடனே படுக்கவைத்துத் திறங்கள். உறை கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல் கண்ணாடியோடு சேர்த்தே நிபுணரிடம் கொண்டுபோங்கள். ஒட்டவில்லை என்றால் கையொப்பம் மேலே இருக்கும்படி கிடத்தி, மேலே எதுவும் ஒற்றாமல், மின்விசிறிக் காற்று அறையில் சுழலும்படி விடுங்கள். நேராக வீச வேண்டாம். ஹேர் டிரையரும் வெயிலும் அட்டையை முறுக்கிவிடும். பல உறைகள் ஒன்றாக நனைந்திருந்தால் ஈரம் இருக்கும்போதே ஒன்றையொன்று தொடாமல் பிரித்துவிடுங்கள், பளபளப்பு அச்சு உலரும்போது ஒட்டிக்கொண்டால் பிறகு பிரியாது. இரண்டு நாட்களுக்குள் உலர்த்த முடியாது என்று தெரிந்தால் மெழுகுத்தாள் இடையிட்டு, நெகிழிப் பையில் மூடி உறைபெட்டியில் வைத்துப் பூஞ்சையைத் தடுக்கலாம். அவகாசம் கிடைத்ததும் காகிதப் பாதுகாப்பு நிபுணரைத் தேடலாம்.

வெளிறிய கோட்டின்மேல் புதிய பேனாவால் ஓட்டச் சொல்லும் யோசனை எப்படியும் ஒருநாள் உங்களிடம் வரும். ஓட்டினால் அது கையொப்பமாக இருக்காது, உங்கள் கையெழுத்தில் வரைந்த படமாகிவிடும். வெளிறியது வெளிறியதாகவே இருக்கட்டும். படம் எடுத்து வைத்திருந்தால் பழைய கறுப்பு அதில் இருக்கும். அந்தக் கலைஞரையே மறுபடி சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தாலும் பழைய கோட்டின்மேல் எழுதச் சொல்லாதீர்கள். உறையில் வேறு இடம் இருந்தால் அங்கே நிறமி மையில் புதிதாக ஒன்று வாங்கி, இரண்டின் தேதியையும் கோப்பில் குறித்துவையுங்கள்.